சராசரி சொல்லாததைச் சொல்லும் எண்: திட்ட விலக்கத்தைப் புரிந்துகொண்டு கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ‘சிசிஹான் பியாவாய்’ பாடம் வரும் வாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். சூத்திரத்தைக் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று எழுதிவிடுவார்கள். எண்களைக் கொடுத்தால் விடையும் வந்துவிடும். “சரி, 9.04 என்று வந்திருக்கிறதே, இது எதைச் சொல்கிறது?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதிக்கு மொழியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை ‘சராசரி’ என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதையே மலாயில் ‘மின்’ என்று படிக்கிறது. அப்புறம் ‘வாரியன்ஸ்’, ‘சிசிஹான் பியாவாய்’ என்று புதுச் சொற்கள் வந்து விழுகின்றன. வீட்டு மொழியில் அவற்றுக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்வதில்லை. சிசிஹான் பியாவாய் என்பது தமிழில் திட்ட விலக்கம். இலங்கைப் பாடநூல்களில் நியம விலகல் என்று இருக்கும். வாரியன்ஸ் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள பெயர் ‘விலக்க வர்க்கச் சராசரி’. வாயில் நுழையக் கொஞ்சம் சிரமமான பெயர்தான். ஆனால் செய்முறை முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது: விலக்கம் கண்டுபிடி, வர்க்கம் ஆக்கு, சராசரி எடு. கடைசியில் வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம். இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்த பிறகு சூத்திரத்தை மறக்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இரண்டு பேர், ஒரே சராசரி

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். மதியம் பால் கொட்டகையில் நிறுத்து, கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், நோட்டில் எழுதுவார். அந்த நோட்டைப் போல ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் பாடத்துக்காக நான் வைத்தவை.

பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டும் ஓர் அக்காவும் ஓர் அண்ணனும் ஒரு வாரத்தில், ஆறு வேலை நாளில், கொண்டுவந்த பால் இவ்வளவு கிலோ:

அக்கா: 28, 30, 31, 29, 32, 30
அண்ணன்: 18, 40, 35, 22, 41, 24

கூட்டிப் பாருங்கள். இருவருக்கும் 180. ஆறால் வகுத்தால் இருவருக்கும் 30 கிலோ. சராசரியை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இவர்கள் இருவரும் ஒன்றுதான்.

ஆனால் நாளைக்கு எத்தனை கிலோ வரும் என்று கிராணி முன்கூட்டிச் சொல்ல வேண்டுமென்றால்? அக்காவுக்கு ‘30 பக்கத்தில் வரும்’ என்று துணிந்து சொல்லலாம். அண்ணனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 18-ம் வரலாம், 41-ம் வரலாம். சராசரி 30 என்றாலும் அவர் ஒரு நாள்கூட 30 கொண்டுவரவில்லை. இந்த வேறுபாட்டை ஒரே எண்ணால் சொல்லத்தான் திட்ட விலக்கம். மதிப்புகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை அது அளக்கிறது.

மிக எளிய வழி வீச்சு, மலாயில் ‘ஜூலாட்’. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும். அக்காவுக்கு 32 − 28 = 4, அண்ணனுக்கு 41 − 18 = 23. சட்டென்று ஒரு படம் கிடைக்கும். ஆனால் வீச்சு இரண்டே எண்களைத்தான் பார்க்கிறது. நடுவில் உள்ள நான்கு நாளும் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆறு நாள் உழைப்பில் நான்கு நாளை விட்டுவிடும் அளவு எனக்குப் போதாது.

படி 1: விலக்கம்

ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரியைக் கழியுங்கள். அண்ணனை எடுப்போம், அங்கேதான் வேலை அதிகம்.

18 − 30 = −12
40 − 30 = 10
35 − 30 = 5
22 − 30 = −8
41 − 30 = 11
24 − 30 = −6

அடையாளத்தை விட்டுவிடாதீர்கள். −12 என்றால் சராசரிக்கு 12 கிலோ கீழே, 10 என்றால் 10 கிலோ மேலே.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது, இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். விலக்கங்களைக் கூட்டுங்கள். மேலே உள்ளவை 10 + 5 + 11 = 26. கீழே உள்ளவை 12 + 8 + 6 = 26. ஆக மொத்தம் 0. எந்த எண்களை எடுத்தாலும் 0 தான் வரும், ஏனென்றால் சராசரி என்பது தராசின் நடுமுள் மாதிரி. இரு பக்கமும் சமமாக இருக்கும் இடத்தில்தான் அது நிற்கும். 0 வரவில்லையென்றால் சராசரியிலோ கழித்தலிலோ தவறு இருக்கிறது. (சராசரியைத் தசமத்தில் சுருக்கியிருந்தால் 0-க்கு மிக அருகில் வரும், அது பரவாயில்லை.)

படி 2: வர்க்கம்

விலக்கங்களின் சராசரியை எடுத்தால் பரவல் தெரிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் கூட்டுத்தொகை எப்போதும் 0, எனவே சராசரியும் எப்போதும் 0. மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. எனவே கழித்தல் குறியைப் போக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு விலக்கத்தையும் அதே எண்ணால் பெருக்குகிறோம்.

144, 100, 25, 64, 121, 36

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை யாராவது கேட்கும்: “டீச்சர், கழித்தல் குறியை அழித்துவிட்டாலே போதுமே, எதுக்கு வர்க்கம்?” மிக நல்ல கேள்வி. பாடநூல்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நான் இங்கே கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

குறியை அழித்துச் சராசரி எடுப்பதும் ஓர் அளவுதான். அதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர். அண்ணனுக்கு அது 52 ÷ 6 = 8.67. தவறான அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு தொகுப்புகளைப் பாருங்கள். முதலாவதில் விலக்கங்கள் −4, −4, 4, 4. இரண்டாவதில் −7, −1, 1, 7. குறியை அழித்துச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 4. வர்க்கம் எடுத்துக் கணக்கிட்டால் முதலாவதன் திட்ட விலக்கம் 4, இரண்டாவதற்கு 5. தூரமாக விலகிய ஒன்று, கிட்டே விலகிய பலவற்றைவிட அதிகம் கவனிக்கப்பட வேண்டும் என்பது வர்க்கத்தின் நியாயம். 7 கிலோ குறைந்த நாள் குடும்பத்துக்கு வலிக்கும். 1 கிலோ குறைந்தது யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. தொடர்பில்லாத இரண்டு அளவுகளைக் கூட்டும்போது அவற்றின் விலக்க வர்க்கச் சராசரிகள் அப்படியே கூடும். வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கும் நேரத்தின் திட்ட விலக்கம் 3 நிமிடம், அங்கிருந்து ஈப்போவுக்குப் பேருந்து எடுக்கும் நேரத்தின் திட்ட விலக்கம் 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. மொத்தப் பயண நேரத்தின் திட்ட விலக்கம் என்ன? 7 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 9 + 16 = 25, வர்க்கமூலம் 5. ஒரு நாள் மெதுவாக நடந்தால் அன்றைக்கே பேருந்தும் தாமதமாக வர வேண்டும் என்று இல்லையே; ஒன்றின் தாமதத்தை இன்னொன்று பல நாள் ஈடுகட்டிவிடும். குறியை மட்டும் அழிக்கும் அளவில் இப்படி நேர்த்தியாகக் கூட்ட வழியில்லை. செங்கோண முக்கோணத்தில் 3, 4, 5 பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கேயும் வருகிறது. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படி 3: சராசரி

வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 144 + 100 + 25 + 64 + 121 + 36 = 490. ஆறு நாள், எனவே 490 ÷ 6 = 81.67. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி, அதாவது வாரியன்ஸ்.

81.67 என்றால் எது 81.67? கிலோ இல்லை. கிலோவைக் கிலோவால் பெருக்கியிருக்கிறோம், எனவே ‘கிலோ வர்க்கம்’. அப்படி ஒன்றைத் தராசில் நிறுக்க முடியாது. இந்த எண்ணை அப்படியே 30 கிலோவோடு ஒப்பிடக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். தேர்வில் வாரியன்ஸ் கேட்டால் இங்கேயே நிறுத்திவிடலாம். சிசிஹான் பியாவாய் கேட்டால் இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்த ஒரு படியை மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

படி 4: வர்க்கமூலம்

81.67-இன் வர்க்கமூலம் 9.04. கணக்குக் கருவி இல்லாவிட்டாலும் 9 × 9 = 81 என்று தெரியும், எனவே 9-க்குச் சற்று மேலே. இப்போது அலகு மறுபடி கிலோ ஆகிவிட்டது. அண்ணனின் திட்ட விலக்கம் 9.04 கிலோ.

அக்காவுக்கு நீங்களே செய்து பாருங்கள். விலக்கங்கள் −2, 0, 1, −1, 2, 0. வர்க்கங்களின் கூட்டல் 10. ஆறால் வகுத்தால் 1.67. வர்க்கமூலம் 1.29 கிலோ.

ஆக, இருவருக்கும் சராசரி 30. அக்கா 30-ஐச் சுற்றி ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ ஆடுகிறார், அண்ணன் ஒன்பது கிலோ ஆடுகிறார். வகுப்பில் இந்த வாக்கியத்தைச் சொல்ல வைத்த பிறகுதான் நான் அடுத்த கணக்குக்குப் போவேன்.

‘திட்ட விலக்கம்’ என்பதற்கான ஆங்கிலப் பெயரையும் சிக்மா என்ற குறியையும் 1890-களில் கொண்டுவந்தவர் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர். வாரியன்ஸ் என்ற பெயரை 1918-இல் கொடுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். அதற்கு அடுத்த ஆண்டே அவர் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். எந்த உரம் போட்ட பாத்தி உண்மையிலேயே அதிகம் விளைந்தது, எது மண்ணின் இயல்பான ஏற்ற இறக்கம் என்று பிரித்தறிவதுதான் அங்கே அவருக்கு வந்த கேள்வி. வயலிலும் தோட்டத்திலும் பிறந்த கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் இந்தக் கணக்கு இவ்வளவு வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான பாடம் இல்லை என்று நான் அடிக்கடி சொல்வேன்.

குறுக்கு வழி, அதிலுள்ள பள்ளம்

சராசரி முழு எண்ணாக வந்தால் மேலே சொன்ன வழி சுகம். தசமத்தில் வந்தால் ஒவ்வொரு விலக்கமும் தசமம், ஒவ்வொரு வர்க்கமும் நீளம். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழியுங்கள். கிடைப்பது விலக்க வர்க்கச் சராசரி.

இப்போது ரப்பரை விட்டுச் செம்பனைக்குப் போவோம், நம் ஊர்ப் பக்கமும் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனைதானே. ஏழு பழக்குலைகளின் எடை, கிலோவில்: 17, 21, 14, 19, 23, 16, 20.

கூட்டல் 130. சராசரி 130 ÷ 7 = 18.5714...
ஒவ்வொன்றின் வர்க்கம்: 289, 441, 196, 361, 529, 256, 400. கூட்டல் 2472. ஏழால் வகுத்தால் 353.143.
சராசரியின் வர்க்கம்: 344.898.
கழித்தால் 8.245. வர்க்கமூலம் 2.87 கிலோ.

இனி பள்ளம். சராசரியை ‘18.6 என்று வைத்துக்கொள்வோம்’ என்று சுருக்கினால்? 18.6-இன் வர்க்கம் 345.96. கழித்தால் 7.18, வர்க்கமூலம் 2.68. விடை தவறிவிட்டது. முழு எண்ணாக 19 என்று சுருக்கினால் 353.14 − 361 = −7.86. வர்க்கங்களின் சராசரி எப்படிக் கழித்தல் எண்ணாக வரும்? வரவே வராது. கருவி பிழை காட்டும், பிள்ளை கருவியைத் திட்டும். பெரிய எண்ணிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு பெரிய எண்ணைக் கழிக்கும்போது சின்னச் சுருக்கலும் விடையைக் கவிழ்த்துவிடும். எனவே குறுக்கு வழியில் போனால் கடைசி வரி வரைக்கும் 130/7 என்று பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கருவியின் நினைவில் முழு எண்ணையும் வையுங்கள்.

ஏழால் வகுப்பதா, ஆறால் வகுப்பதா?

பல்கலைக்கழகம் போன மாணவர்கள் திரும்பி வந்து, “டீச்சர், அங்கே ஒன்றைக் கழித்து வகுக்கச் சொல்கிறார்கள், நீங்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்களா?” என்று கேட்டதுண்டு. இரண்டும் சரி. கேள்வி வேறு, அவ்வளவுதான்.

உங்களிடம் இருக்கும் எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள் என்றால், அதாவது அந்த ஏழு குலைதான் எல்லாமே என்றால், ஏழால் வகுங்கள். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் கணிதப் பாடத்தில் வருவது இதுதான். ஆனால் ஒரு லாரி நிறையக் குலை இருக்கிறது, அதில் ஏழை மட்டும் நிறுத்து, லாரி முழுவதின் பரவலை மதிப்பிடப் பார்க்கிறீர்கள் என்றால், ஏழில் ஒன்றைக் கழித்து ஆறால் வகுக்க வேண்டும். விலக்க வர்க்கங்களின் கூட்டல் 57.71; அதை ஆறால் வகுத்தால் 9.62, வர்க்கமூலம் 3.10 கிலோ. முன்னால் வந்த 2.87-ஐவிடக் கொஞ்சம் பெரிது. ஜெர்மானிய வானியலாளர் ஃப்ரீட்ரிக் பெஸ்ஸல் பெயரால் இதைப் பெஸ்ஸல் திருத்தம் என்பார்கள்.

ஏன் பெரிதாக்க வேண்டும்? லாரியின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. நாம் நிறுத்த ஏழின் சராசரியைத்தான் அதற்குப் பதிலாகப் பயன்படுத்துகிறோம். அந்தச் சராசரி அந்த ஏழுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும், எனவே விலக்கங்கள் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும்.

நம்பிக்கை வராவிட்டால் மிகச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். லாரியில் பாதிக் குலை 10 கிலோ, பாதி 20 கிலோ என்று வையுங்கள். உண்மைச் சராசரி 15, எல்லா விலக்கமும் 5, எனவே விலக்க வர்க்கச் சராசரி 25. இப்போது ஒன்றை எடுத்து நிறுத்து, திரும்ப வைத்து, மறுபடி ஒன்றை எடுக்கிறீர்கள். சமமாக நிகழக்கூடிய நான்கு வழிகள்: 10-10, 10-20, 20-10, 20-20. இரண்டால் வகுத்தால் வரும் விடைகள் 0, 25, 25, 0. இவற்றின் சராசரி 12.5, உண்மையில் பாதி. இரண்டில் ஒன்றைக் கழித்து ஒன்றால் வகுத்தால் 0, 50, 50, 0. சராசரி 25. உண்மை அப்படியே கிடைத்துவிட்டது. தாளில் ஒரு முறை எழுதிப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்த ‘ஒன்றைக் கழி’ உங்களுக்கு மறக்காது.

அட்டவணையில் வந்தால்

படிவம் ஐந்தில் எண்கள் பிரிவுகளாக வரும். நாற்பது குலைகளை முழுக் கிலோவில் நிறுத்ததில் 10–14 கிலோ 6 குலை, 15–19 கிலோ 14, 20–24 கிலோ 14, 25–29 கிலோ 6 என்று வைப்போம். ஒவ்வொரு குலையின் சரியான எடை தெரியாது, எனவே பிரிவின் நடுமதிப்பை எடுக்கிறோம்: 12, 17, 22, 27.

சராசரிக்கு ஒவ்வொரு நடுமதிப்பையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 72 + 238 + 308 + 162 = 780. நாற்பதால் வகுத்தால் 19.5. விலக்கங்கள் −7.5, −2.5, 2.5, 7.5. வர்க்கங்கள் 56.25, 6.25, 6.25, 56.25. எண்ணிக்கையால் பெருக்கினால் 337.5 + 87.5 + 87.5 + 337.5 = 850. நாற்பதால் வகுத்தால் 21.25, வர்க்கமூலம் 4.61 கிலோ.

இங்கே நான் திருத்தும் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் இரண்டு. விலக்கத்தை முதலில் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டு அப்புறம் வர்க்கம் எடுப்பது ஒன்று. வர்க்கம் முதலில், பெருக்கல் பிறகு. மற்றொன்று, நாற்பதால் வகுக்காமல் நான்கு பிரிவு இருக்கிறதே என்று நான்கால் வகுப்பது. நிறுத்தது நாற்பது குலை.

கூட்டினாலும் பெருக்கினாலும்

வாளியின் எடை 2 கிலோவையும் சேர்த்து எல்லா நாளும் நிறுத்துவிட்டார்கள் என்றால் சராசரி 2 கூடும். திட்ட விலக்கம் மாறாது, எல்லாரும் ஒன்றாக நகர்ந்தால் ஒருவருக்கொருவர் உள்ள தூரம் மாறுவதில்லை. கிலோவைக் கிராமாக மாற்றினால் திட்ட விலக்கம் 1000 மடங்கு ஆகும்; வாரியன்ஸ் பத்து லட்சம் மடங்கு.

வெவ்வேறு அலகுகளை ஒப்பிட வேண்டுமானால் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து விழுக்காடாக்குங்கள். அண்ணனுக்கு 9.04 ÷ 30, அதாவது 30 விழுக்காடு. அக்காவுக்கு 4.3 விழுக்காடு.

எண்ணைப் படிப்பது

மதிப்புகள் மணி வடிவத்தில், அதாவது நடுவில் நிறைய, இரு ஓரமும் சமமாகக் குறைந்துகொண்டே போகும்படி பரவியிருந்தால் சுமார் 68 விழுக்காடு, சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத் தூரத்துக்குள் இருக்கும். இரண்டுக்குள் சுமார் 95, மூன்றுக்குள் சுமார் 99.7. பலர் இதை எல்லா எண்களுக்கும் பொருந்தும் விதியாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. எந்த வடிவத்துக்கும் பொருந்துவது ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் பெயரால் வழங்கும் விதி: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது நான்கில் மூன்று பங்கு, மூன்றுக்குள் குறைந்தது ஒன்பதில் எட்டுப் பங்கு.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அக்காவின் கடைசி நாளில் நடுவேலையில் மழை பிடித்துக்கொண்டது, கோப்பையில் தண்ணீர் விழுந்து பால் போய்விட்டது, 30-க்குப் பதில் 6 கிலோதான் என்று வையுங்கள். எண்கள் 28, 30, 31, 29, 32, 6. கூட்டல் 156, சராசரி 26. விலக்கங்கள் 2, 4, 5, 3, 6, −20. வர்க்கங்கள் 4, 16, 25, 9, 36, 400. கூட்டல் 490.

490! அண்ணனுக்கு வந்த அதே எண். எனவே திட்ட விலக்கமும் அதே 9.04. அண்ணன் ஒவ்வொரு நாளும் மேலும் கீழும் போனவர். அக்கா ஐந்து நாள் நூல் பிடித்தாற்போல் வெட்டியவர், ஒரு நாள் மழை. திட்ட விலக்கத்தை மட்டும் எழுதி வைத்தால் இருவரும் ஒரே மாதிரி ‘நிலையில்லாதவர்’ ஆகிவிடுவார்கள். அதனால் நான் பிள்ளைகளிடம் கணக்கைத் தொடங்குமுன் எண்களை ஒரு கோட்டில் புள்ளியாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். தனியாக ஒரு புள்ளி தூரத்தில் நின்றால் முதலில் அதைப் பற்றி விசாரியுங்கள். நிறுத்ததில் பிழையா, எழுதியதில் பிழையா, உண்மையிலேயே மழையா? காரணம் தெரியாமல் அந்த எண்ணை அடித்துவிடவும் கூடாது.

கருவியில்

நம் பிள்ளைகள் பலரிடம் இருக்கும் காசியோ எஃப்எக்ஸ்-570எம்எஸ் கருவியில் ‘மோட்’ விசையை இரண்டு முறை அழுத்தி 1. பழைய எண்களைத் துடைக்க ‘ஷிஃப்ட்’, ‘மோட்’, 1, சமன். இதைச் செய்யாவிட்டால் நேற்றைய கணக்கும் இன்றைய கணக்கும் கலந்துவிடும். ஒவ்வோர் எண்ணையும் தட்டி ‘எம்+’ விசையை அழுத்துங்கள். எல்லாம் போட்ட பிறகு ‘ஷிஃப்ட்’, 2. அங்கே 1 சராசரி. 2 முழு எண்ணிக்கையால் வகுத்த திட்ட விலக்கம். 3 ஒன்றைக் கழித்து வகுத்தது. எஸ்.பி.எம்.முக்கு 2. எக்செல்லில் STDEV என்ற ஐந்து எழுத்தையும் ஒரு புள்ளியையும் தட்டி, முழுத் தொகுப்பு என்றால் பி, மாதிரி என்றால் எஸ் சேர்க்க வேண்டும்.

தேர்வில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு, எனவே கருவி விடையைச் சரிபார்க்க மட்டும்.

கையால் செய்து பார்க்க

ஒன்று: 12, 15, 15, 18, 20, 22. சராசரி 17, வர்க்கங்களின் கூட்டல் 68, திட்ட விலக்கம் 3.37 வர வேண்டும்.

இரண்டு: மழை பெய்யாத அந்த வாரத்தில் அக்கா ஏழாவது நாளும் வேலைக்குப் போய்ச் சரியாக 30 கிலோ கொண்டுவந்தார். திட்ட விலக்கம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? கணக்கிடுவதற்கு முன் யோசித்துச் சொல்லுங்கள். சராசரியிலேயே விழுந்த எண் விலக்கத்துக்கு எதையும் சேர்க்கவில்லை, ஆனால் வகுக்கும் எண் ஏழாகிவிட்டது. 10 ÷ 7 = 1.43, வர்க்கமூலம் 1.20. குறைந்துவிட்டது.

மூன்று: அதே ஏழாவது நாள் 30-க்குப் பதில் 37 கிலோ என்றால்? சராசரி 31 ஆகிவிடும், எனவே எல்லா விலக்கங்களையும் புதிதாக எடுக்க வேண்டும்: −3, −1, 0, −2, 1, −1, 6. கூட்டினால் 0 வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மேலே போங்கள். விடை 2.73 கிலோ.